கதிர்களின் கதை – 17: கோயானியாவில் நீல ஒளி

1987 செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. பிரேசில் நாட்டின் நடுப்பகுதியில், கோயாஸ் மாநிலத்தின் தலைநகரான கோயானியா. பாதி இடிக்கப்பட்டுக் கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். இருவரும் அன்றாடங்காய்ச்சிகள். உள்ளே ஏதோ விலை பெறக்கூடிய இயந்திரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அவர்கள் காதில் விழுந்திருந்தது. பூட்டில்லை, காவலில்லை. சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றினார்கள். உள்ளே கனமான உலோகம். நல்ல எடை, நல்ல காசு. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அன்றே இருவருக்கும் வாந்தி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள்.

அணு உலையோ அணுகுண்டோ சம்பந்தப்படாத கதிரியக்க விபத்துகளில் இதைவிடக் கொடியது என்று சொல்லத்தக்கவை மிகச் சில. நான்கு உயிர்கள் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று தங்கள் உடம்பைச் சோதித்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் காரணமான பொருள், புற்றுநோயாளிகளைப் பிழைக்கவைப்பதற்காகச் செய்யப்பட்டது. கதிர்வீச்சின் நன்மையையும் தீமையையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுவது வழக்கம். கோயானியாவை அப்படிப் பிரித்து எழுத முடியாது.

சென்ற வாரம் கனடாவில் 1951-இல் தொடங்கிய கோபால்ட் சிகிச்சையைப் பார்த்தோம். அந்த அலை உலகெங்கும் பரவியது. 1957-இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கே கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. கோபால்ட்டுக்கு ஒரு குறை உண்டு. அதன் அரை ஆயுட்காலம் ஐந்தே கால் ஆண்டுதான். அதாவது அந்தக் காலத்துக்குள் அதன் வீரியம் சரிபாதியாகிவிடும். மூலப்பொருளை அடிக்கடி மாற்ற வேண்டும். சீசியம்-137-க்கு அரை ஆயுட்காலம் 30 ஆண்டு. ஒருமுறை வைத்தால் மருத்துவரின் பணிக்காலம் முழுக்க ஓடும். அணு உலைகளில் யுரேனியம் பிளக்கும்போது இது தாராளமாகக் கிடைக்கவும் செய்தது. ஆகவே 1950-களிலிருந்து சீசியம் கருவிகளும் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தன. கோயானியாவில் இருந்தது அப்படி ஒன்று. அதை வைத்திருந்தது ஒரு தனியார் கதிர் சிகிச்சை நிலையம்.

அந்த நிலையம் 1985 இறுதியில் வேறு இடத்துக்குப் போனது. போகும்போது தன் கோபால்ட் கருவியை எடுத்துக்கொண்டது. சீசியம் கருவியை அங்கேயே விட்டுவிட்டது. உரிமம் வழங்கிய அணுசக்தி ஆணையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லவில்லை. இந்த ஒரு வரியில்தான் நான்கு பேரின் சாவும் இருக்கிறது. பின்னால் நடந்தவை எல்லாம் இதன் தொடர்ச்சி.

கருவிக்குள் இருந்தது என்ன? இரண்டு அடுக்கு எஃகு உறை. அகலமும் உயரமும் ஐந்து சென்டிமீட்டர் அளவு. அதற்குள் 93 கிராம் சீசியம் குளோரைடு. நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. உப்பைப் போலவே தண்ணீரில் கரையும், விரலில் ஒட்டும். கோபால்ட்டை உலோகத் துண்டாகவே பயன்படுத்துகிறார்கள். உறை உடைந்தாலும் அது துண்டாகத்தான் கிடக்கும். சீசியத்தை உப்பு வடிவில் வைத்தார்கள். உறை இருக்கும் வரை அந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது.

சீசியம்-137 அணுவின் கருவில் 55 புரோட்டான்கள், 82 நியூட்ரான்கள். இந்தக் கூட்டு நிலையானதல்ல. நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும். இதுதான் பீட்டாக் கதிர். அணு இப்போது பேரியம். பேரியத்தின் கருவிலும் ஆற்றல் மிஞ்சியிருப்பதால், அடுத்த சில நிமிடங்களில் அதையும் காமாக் கதிராக உமிழ்ந்துவிட்டு அமைதியாகிறது. எந்த அணு எப்போது சிதையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான அணுக்களை மொத்தமாகப் பார்த்தால், 30 ஆண்டில் பாதி சிதைந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அந்த 93 கிராம் பொடியில் விநாடிக்கு சுமார் 51 லட்சம் கோடி அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. கதிரியக்கம் என்பது நமக்கு அந்நியமானதல்ல. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் உணவோடு சேர்ந்த பொட்டாசியத்தால் விநாடிக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் பயம்தான் மிஞ்சும். எவ்வளவு என்று கேட்கப் பழக வேண்டும்.

உடம்பு வாங்கும் கதிரின் அளவை ‘கிரே’ என்ற அலகால் சொல்வார்கள். ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் ஒரு கிரே. உடம்பு முழுவதும் நான்கைந்து கிரே ஒரே வீச்சில் பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த ஆற்றல் உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உயர்த்தும். சூடு தெரியாது, வலி தெரியாது. கதிர் கொல்வது சூட்டால் அல்ல. உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுத்துப் போடுவதால். அறுந்த இழையோடு ஓர் உயிரணு சில நாள் வேலை பார்க்கும். இரண்டாகப் பிரிய வேண்டிய நேரம் வரும்போது செத்துப்போகும். ஆகவே எங்கே உயிரணுக்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் முதல் அடி: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், தோல், முடியின் வேர். புற்றுக்கட்டியும் வேகமாகப் பிரியும் உயிரணுக்களின் கூட்டம்தானே? மருத்துவம் இதே பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. கட்டியின் மேல் மட்டும் குறிவைத்து, நாளுக்கு 2 கிரே வீதம், வாரக்கணக்கில் மொத்தம் 60 கிரே வரைகூடக் கொடுப்பார்கள். இடையில் கிடைக்கும் ஓய்வில் நல்ல உயிரணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும். ஒரே கதிர், எங்கே, எவ்வளவு, எத்தனை தவணையில் என்பதுதான் பிழைப்பையும் சாவையும் தீர்மானிக்கிறது.

கோயானியாவில் அந்த உறையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் நின்றால் உடம்பில் நாலரை கிரே ஏறும்.

தள்ளுவண்டியில் வந்த சாமான் ஒரு மாமரத்தடியில் கிடந்தது. அங்கேயே அதைப் பிரிக்கும் வேலை நடந்தது. ஒருவருக்கு இரண்டு நாளில் கை வீங்கிப் புண்ணானது. மருத்துவரிடம் போனபோது உணவு ஒவ்வாமை என்று சொல்லி அனுப்பினார்கள். செப்டம்பர் 18-ஆம் தேதி, உறையின் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய ஜன்னலில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் துளை போட்டார்கள். அதுவரை உறைக்குள் இருந்த பொடிக்கு வெளியே வர வழி கிடைத்தது. அன்றே பொருள் ஒரு காயலான் கடைக்கு விலைபோனது.

அன்றிரவு கடைக்காரர் தன் கொட்டகைப் பக்கம் போனபோது அந்த உறைக்குள்ளிருந்து நீல நிற ஒளி வருவதைப் பார்த்தார். விலை மதிப்பற்ற கல்லாக இருக்கலாம், தெய்வீகமானதாகவும் இருக்கலாம் என்று நினைத்தார். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அடுத்த மூன்று நாளும் அக்கம்பக்கத்தாரும் உறவினரும் வந்து பார்த்தார்கள். ஒரு நண்பர் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி, அரிசி அளவு துணுக்குகளை எடுத்துக் கொடுத்தார். கையோடு எடுத்துப்போனவர்கள் வீட்டில் பகிர்ந்துகொண்டார்கள். திருவிழாவில் பூசும் ஜிகினாவைப் போல் சிலர் தோலில் பூசிக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? இருட்டில் தானாக ஒளிரும் பொருளை முதல்முறை பார்த்த பியரி கியூரியும் மேரி கியூரியும் இரவில் சோதனைக்கூடத்துக்குப் போய் அந்த ஒளியை ரசித்தவர்கள்தான். கோயானியா மக்களின் அறியாமை என்று இதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. படித்தவர்கள் விட்டுச்சென்ற பொருள் அது. அது என்ன என்று அறிந்தவர்கள், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் போனார்கள்.

கடைக்காரரின் மனைவிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. அவருடைய தாயார் வந்து இரண்டு நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டார். திரும்பும்போது சீசியத்தையும் தன் ஊருக்கு எடுத்துச் சென்றார், தெரியாமலே. கடையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் ஈயத்தைப் பிரித்தெடுக்கச் சாமானை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 18. செப்டம்பர் 24 அன்று கடைக்காரரின் சகோதரர் கொஞ்சம் பொடியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டு மேசையின் மேல் அது இருந்தது. அவருடைய ஆறு வயது மகள் அதைத் தொட்டு விளையாடினாள். அதே கையால் சாப்பிட்டாள். அந்தக் குழந்தையின் உடம்புக்குள் போன சீசியத்தில் விநாடிக்கு நூறு கோடி அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

இத்தனை பேருக்கு ஒரே மாதிரி நோய் வருவதற்கும் வீட்டுக்கு வந்த அந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர், அதிகாரி அல்லர். காயலான் கடைக்காரரின் மனைவி. அப்போது கடைச் சாமான் இன்னொரு கடைக்குக் கைமாறியிருந்தது. நோயோடு தள்ளாடிக்கொண்டு அங்கே போய் அதை மீட்டார். செப்டம்பர் 28 அன்று, கடை ஊழியர் ஒருவரோடு, மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பேருந்து ஏறி, நகரின் சுகாதாரக் கண்காணிப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பையைத் தோளில் சுமந்த ஊழியருக்குத் தோள் வெந்துபோனது. அங்கிருந்த மருத்துவரின் மேசைமேல் பையை வைத்து, தன் குடும்பத்தை இதுதான் கொல்கிறது என்று சொன்னார் அந்த அம்மாள். அவருடைய முடிவு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்தப் பை இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கோயானியா அவருக்குப் பட்டிருக்கும் கடன் விளங்கும்.

மேசையில் வைத்த பையைக் கண்டு சந்தேகப்பட்ட மருத்துவர், அதை வெளியே முற்றத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் வைத்தார். அங்கேயே ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள், வேறு வேலையாக ஊருக்கு வந்திருந்த ஒரு மருத்துவ இயற்பியலாளரை அழைத்தார்கள். அவர் யுரேனியம் தேடும் நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து ஓர் அளவு மானியை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். சுகாதார அலுவலகம் கண்ணுக்கு எட்டும் முன்பே முள் கடைசிவரை ஓடிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதை. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பிப் போய் வேறொன்றை வாங்கிவந்தார். இரண்டாவது கருவியும் அதையே காட்டியது. அவர் வந்து சேர்ந்தபோது தீயணைப்புப் படையினர் பையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் போடத் தயாராக இருந்தார்கள். தடுத்து நிறுத்தினார். கரையும் உப்பு, ஓடும் ஆறு. சில நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

அதன்பின் ஊரே கிடுகிடுத்தது. ஒலிம்பிக் விளையாட்டரங்கில் கருவிகளோடு சோதனை தொடங்கியது. 1,12,000 பேர் வரிசையில் நின்றார்கள். 249 பேர் உடம்பிலோ உடம்புக்குள்ளோ சீசியம் இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்; கோயானியாவில் அது புரியாமல் போனதால் நேர்ந்த கொடுமைகளும் உண்டு. கதிர் படுவது ஒன்று, கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வது வேறொன்று. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவர்மேல் அனல் படும். அவர் எழுந்து போனால் அனல் அவர் கூடவே போகாது. கங்கை மடியில் கட்டிக்கொண்டு போனால்தான் போகிற இடமெல்லாம் சுடும். எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவரோ, கோபால்ட் சிகிச்சை பெற்றவரோ வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். அவர் உடம்பிலிருந்து எந்தக் கதிரும் வராது. சீசியப் பொடி ஒட்டியவரைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். உள்ளே போயிருந்தால் வெளியேற்ற வேண்டும்.

உள்ளே போன சீசியத்தை உடம்பு பொட்டாசியம் என்று எண்ணித் தசைகளில் சேர்த்துக்கொள்கிறது. அது பித்தத்தோடும் செரிமான நீரோடும் குடலுக்கு வந்து, மறுபடி உறிஞ்சப்பட்டு, சுற்றிச் சுற்றி வரும். இயல்பாகப் பாதி வெளியேறவே மூன்று மாதம் ஆகும். இதற்கு மருந்தாக வந்தது பிரஷ்யன் நீலம். ஓவியர்கள் இருநூறு ஆண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய அதே சாயப்பொருள். குடலில் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். 46 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். சீசியம் வெளியேறும் வேகம் பல மடங்கு கூடியது. இவ்வளவு பெரிய அளவில் பிரஷ்யன் நீலம் மனிதர்களுக்குப் பயன்பட்டது அதுவே முதல்முறை. இன்று பல நாடுகள் அவசரத் தேவைக்கென்று அதைக் கையிருப்பில் வைத்திருப்பதற்கு கோயானியாவின் அனுபவமும் ஒரு காரணம்.

மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களை ரியோ டி ஜெனிரோவின் கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 23 அன்று கடைக்காரரின் மனைவியும் அந்த ஆறு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். அடுத்த சில நாளில் இரண்டு இளைஞர்களும் போனார்கள். மாமரத்தடியில் உறையைக் குத்தியவருக்கு முன்கையை வெட்டி எடுத்தார்கள், அவர் பிழைத்தார். கடைக்காரரும் பிழைத்தார். இறந்தவர்களைவிட அவர் வாங்கிய அளவு அதிகம், 7 கிரே. ஆனால் அடிக்கடி வெளியே போய்வந்ததால் அது தவணை தவணையாகப் பட்டது.

குழந்தையைச் சொந்த ஊரில் ஈயம் பொதித்த பெட்டியில் வைத்து அடக்கம் செய்யக் கொண்டுவந்தபோது, கல்லறையில் கூடிய கூட்டம் கல்லும் செங்கல்லும் வீசியது. சடலம் மண்ணை நஞ்சாக்கும் என்ற பயம். கோயாஸ் மாநிலத்தவர் என்று தெரிந்தால் வெளியூர் விடுதிகளில் இடம் கொடுக்கவில்லை. அந்த மாநிலப் பதிவெண் கொண்ட வண்டிகள்மேல் கல் விழுந்தது. தானியமும் துணியும் விற்காமல் தேங்கின. ‘இவர் உடம்பில் கதிரியக்கம் இல்லை’ என்று சான்றிதழ் கேட்டு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், பயணம் போவதற்காக. கதிர்வீச்சைப் பற்றிப் பள்ளியில் ஒழுங்காகச் சொல்லித்தராத சமுதாயம், அது தேவையான இடத்தில் பயப்படாமலும் தேவையில்லாத இடத்தில் கல்லெறிந்தும் தவிக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம் வருகிறது.

எச்சரிக்கைச் சின்னத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. மூன்று இதழ்களும் நடுவில் ஒரு புள்ளியுமாக உள்ள அந்தக் குறியை 1946-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வரைந்தார்கள். அதே பெர்க்லியில்தான் 1941-இல் மார்கரெட் மெல்ஹாஸும் க்ளென் சீபோர்கும் சீசியம்-137-ஐக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு அந்தச் சின்னம் போதும். பழைய இரும்பு பொறுக்கும் ஒருவருக்கு அது மின்விசிறியாகத் தெரியலாம், பூவாகத் தெரியலாம். இதைப் புரிந்துகொள்ள, கோயானியாவுக்குப் பிறகும் உலகத்துக்கு இன்னும் இருபது ஆண்டு ஆனது. பதினோரு நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்து, 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் தர நிர்ணய அமைப்பும் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டன: சிவப்புப் பின்னணியில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். அதை வெளியில் ஒட்டுவதில்லை. கருவியைப் பிரிக்க முனைபவர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டுகிறார்கள். யார் கையில் அந்தப் பொருள் போய்ச் சேரும் என்பதை யோசித்து வரைந்த சின்னம் அது.

கோயானியாவில் ஏழு வீடுகளை இடித்தார்கள். மண்ணை வெட்டி எடுத்தார்கள். 93 கிராம் பொடியைத் துடைத்தெடுத்ததில் சேர்ந்த கழிவு 3,500 கன மீட்டர். உடைகள், பாத்திரங்கள், கட்டில்கள், மரங்கள் எல்லாம் பீப்பாய்களிலும் பெட்டிகளிலும் அடைக்கப்பட்டு, நகருக்கு வெளியே அபாடியா தெ கோயாஸ் என்ற ஊரில் இருக்கின்றன. 2017-இல் அந்தச் சீசியம் பாதியானது. 2047-இல் கால் பங்காகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையப் பத்து அரை ஆயுட்காலம், அதாவது 300 ஆண்டு வேண்டும்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2010-இல், டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு ஒரு கருவி வந்து சேர்ந்தது. அனுப்பியது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை. முறைப்படி ஏலம் விட்டுத்தான் அனுப்பியது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அடுத்த வாரம் மாயாபுரிக்குப் போவோம்.

(தொடரும்)